துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்தல்

தையல் தெரிந்த வீட்டில் ஒரு மூட்டையாவது இருக்கும். பழைய வேட்டியில் கட்டி, பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ திணித்து வைத்திருப்பார்கள். அவிழ்த்தால், நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகள், சுடிதார் தைத்தபின் மிஞ்சிய கால் மீட்டர்கள், தையல்காரர் “இதையும் வச்சுக்கங்கம்மா” என்று சுருட்டித் தந்த வெட்டுத்துணி, நடுவில் நைந்து கரை மட்டும் நன்றாக இருக்கிற சுங்குடிப் புடவை, யாருடையது என்றே தெரியாத ஒரு சட்டைக் கை.

க்வில்ட் தைப்பவருக்கு இதுதான் கச்சாப் பொருள். துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓடு தையல். க்வில்ட் என்பது அவ்வளவுதான். ஆனால் மூட்டையிலிருந்து தையல் மெஷினுக்கு நேராகப் போக முடியாது. நடுவில் இரண்டு வேலைகள் உண்டு: பிரிப்பது, வெட்டுவது.

புதிதாகத் தொடங்குகிறவர் செய்யும் முதல் தவறு, நிறம் பார்த்து அடுக்குவது. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று அடுக்கிய அலமாரி கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சிவப்பு அடுக்கில் பாப்ளினும் பாலியஸ்டரும் பனியன் துணியும் கலந்து கிடக்கும். மூன்றையும் ஒரே விரிப்பில் தைத்தால் இரண்டாவது சலவையில் ஒன்று சுருங்கும், ஒன்று அப்படியே நிற்கும், ஒன்று இழுபட்டுத் தொங்கும். முதலில் துணியின் இனம், பிறகு அளவு, கடைசியில்தான் நிறம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வரிசையில்தான் நடக்கிறது.

மூட்டையைப் பிரிக்கும் நாள்

ஒரு முழுப் பகல் வேண்டும். வெயில் வெளிச்சம் விழும் தரை, நான்கு அட்டைப் பெட்டிகள், கத்தரி, ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு கிண்ணம் தண்ணீர். பெட்டிகளின் மேல் முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது: பருத்தி, சந்தேகம், வேறு வேலைக்கு, வெளியே.

1. எல்லாவற்றையும் உதறி விரிக்க வேண்டும். ஊசி, குண்டூசி, ஹூக் ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவாமல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். பழைய வெட்டுத்துணியில் துருவேறிய குண்டூசி இருப்பது சாதாரணம்.

2. இழுத்துப் பார்க்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் பருத்தி நெசவுத் துணி அதிகம் கொடுக்காது. ரப்பர் போல நீண்டால் அது பின்னலாடை. திருப்பூர் பனியன் துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். அது ‘வேறு வேலைக்கு’ப் பெட்டிக்குப் போகட்டும்.

3. கையில் கசக்கி விட வேண்டும். பருத்தி கசங்கியபடியே இருக்கும். பாலியஸ்டர் உடனே விரிந்துவிடும். கலப்பு நூல் இரண்டுக்கும் நடுவில் ஏமாற்றும். அதற்கு அடுத்த சோதனை.

4. சந்தேகத்துக்குரிய துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, முறுக்கி, இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கருமணியாக இறுகும். பட்டு, முடி கருகும் வாடை வீசும். இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால் அது கலப்பு.

5. பருத்தி என்று தெரிந்தவற்றை மட்டும் முதல் பெட்டியில் போட வேண்டும். வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துணிகளில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் விழுந்தால் வருத்தப்பட வேண்டியதில்லை. அவை அடுத்த நவராத்திரிக்கு வேறு வீட்டுக்குப் போகும். அவற்றின் தலைவிதி அது.

எச்சரிக்கை: எரிப்புச் சோதனையைத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். துணியை எரிக்கக் கூடாது, நூலை மட்டும். உருகிச் சொட்டும் பாலியஸ்டர் தோலில் ஒட்டிக்கொள்ளும். நைலான் புடவையோடும் தொங்கும் துப்பட்டாவோடும் இதைச் செய்ய வேண்டாம்.

பழைய புடவைக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் சல்லடைபோலத் தெரியும். அந்த இடத்தை இரு கட்டை விரலாலும் அழுத்தி இழுக்க வேண்டும். கிழிந்தால் நல்லதாகப் போயிற்று, விரிப்பில் தைத்தபின் கிழிந்திருக்கும். உடலும் தலைப்பும் கரையும் ஒரே புடவையில் வெவ்வேறு எடையில் இருக்கும் என்பதால் மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும்.

சாயம் இறங்குமா?

மதராஸ் கட்டம் போட்ட துணி அமெரிக்காவில் 1960களில் ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே விற்றது. துவைக்கத் துவைக்கச் சாயம் கலந்து கட்டங்கள் மங்குவதையே அழகென்று விளம்பரம் செய்தார்கள். சட்டைக்கு அது சரி. வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் அரக்குக் கைத்தறியைத் தைத்தவருக்கு அது அழகாகத் தெரியாது.

அடர் சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு ஆகிய நான்கும் எப்போதும் சந்தேகத்துக்குரியவை. அந்தத் துணியின் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுக்க வேண்டும். கைக்குட்டையில் கறை படிந்தால் அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, தண்ணீர் தெளிவாகும் வரை அலச வேண்டும். மூன்று அலசலுக்குப் பிறகும் தண்ணீர் நிறமாகவே இருந்தால் அதை வெள்ளையோடு சேர்க்கக் கூடாது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். உப்பு சாயத்தொட்டியில் நூல் நிறத்தை ஏற்க உதவும் பொருள். ஏற்கெனவே சாயமேற்றிக் கடைக்கு வந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் உபரிச் சாயத்தை அது பிடித்து வைப்பதில்லை. நம்ப வேண்டியது அலசலைத்தான்.

புதுத்துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்து நிழலில் உலர்த்துவது நம் ஊருக்குப் பொருத்தம். கைத்தறியும் கதரும் முதல் சலவையில் கண்ணுக்குத் தெரியச் சுருங்கும். சிறு துண்டுகளை மெஷினில் போட்டால் நூல் பிரிந்து சிக்குக் கயிறாகிவிடும். அவற்றை ஒரு வலைப்பையில் கட்டி, கையால் அலசினால் போதும்.

மடிப்பும் அடுக்கும்

பிரித்த பருத்தியை இப்போது அளவு பார்த்து மூன்றாக வகுக்க வேண்டும். அரை மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை ‘முழுத்துணி’. அதற்குக் கீழே, உள்ளங்கையை விடப் பெரியவை ‘துண்டு’. மீதி ‘பொடி’. இந்த மூன்றுக்குள்ளேதான் நிறம் பார்த்து அடுக்குவது.

முழுத்துணியை ஒரே அகலத்துக்கு மடிக்க வேண்டும். ரெடிமேட் சட்டைக்குள் வரும் அட்டை இதற்குக் கைகண்ட அளவுகோல். அட்டையைச் சுற்றித் துணியை மடித்து, அட்டையை உருவிவிட்டால் எல்லா மடிப்பும் ஒரே அளவில் வரும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைவிட, நூலகத்தில் புத்தகம் நிறுத்துவதுபோல நிமிர்த்தி அடுக்குவது மேல். அடியில் உள்ளதை உருவும்போது கோபுரம் சரியாது, என்ன இருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும்.

சில குறிப்புகள்:

- வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரி வேண்டாம். மடிப்பு முனைகள் மட்டும் வெளுத்து, விரித்தால் வரிவரியாகத் தெரியும்.
- கஞ்சி போட்ட துணியைச் சேமிக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. கஞ்சி போடுவது வெட்டுகிற அன்று மட்டும்.
- காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மழைக்காலத்து ஈரமும் சேர்ந்து அடைபடும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே நல்லது.
- பாச்சை உருண்டை போடுவதானால் துணியில் படாமல், சிறு துணிப்பையில் கட்டித் தொங்கவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடுவார்கள். வசம்பு போதும்.
- ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மாற்றி மடிக்க வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது

அடுக்கி முடித்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் சதுரமாக வெட்டிப் பெட்டியில் போட்டுவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் கை நிற்க வேண்டும். முழுத்துணியை முன்கூட்டியே வெட்டக் கூடாது. பின்னால் கரைப்பட்டிக்கோ அடித்துணிக்கோ நீளமாகத் தேவைப்படும்போது, வெட்டிய சதுரங்களிலிருந்து அதைத் திரும்பப் பெற முடியாது. முன்கூட்டி வெட்ட வேண்டியது துண்டுகளை மட்டும்.

அதையும் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. வடகர்நாடகத்தின் காடோர ஊர்களில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி விரிப்புகளில் அளந்து வெட்டிய துண்டு என்று ஒன்றில்லை. பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, கைக்கு வந்த துணியை விரலால் ஓரம் மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மூலைகளில் ‘பூல்’ என்று மடித்த சிறு துணிப்பூ வைக்காமல் விரிப்பு முடிவதில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்ட கால்சட்டைகளையும் சட்டைகளையும் பிரித்துத் தைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் வேலை அந்தப் பகுதிக் கூட்டுறவுக்கு வந்தபோது, மிஞ்சிய கார்டுராய் துணி அந்த ஊர் விரிப்புகளுக்குள் புகுந்தது. 2002இல் அந்த விரிப்புகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளில் ஏறின.

ஆக, அளவு பார்க்காமலும் அற்புதமாகத் தைக்க முடியும். ஆனால் அவர்கள் கண் சிறுவயதிலிருந்து பழகிய கண். முதல் விரிப்பு தைக்கிறவருக்கு அளவு ஒரு கைத்தடி. அதைப் பிடித்துக்கொள்வதில் வெட்கமில்லை.

அளவுக் கணக்கு

க்வில்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம். ரவிக்கை தைத்துப் பழகியவர்களின் கை தானாக அரை அங்குலத்துக்குப் போகும். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் போனால், வெட்டும் அளவு = தைத்தபின் வேண்டிய அளவு + ½ அங்குலம். 2 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 2½ வெட்ட வேண்டும். 4 வேண்டுமானால் 4½.

துண்டுப் பெட்டிக்கு மூன்றே அளவு போதும்: 1½, 2½, 4½. இவை ஒன்றுக்கொன்று சொந்தம். இரண்டு 1½ துண்டுகளைத் தைத்தால் 2½ ஆகும். இரண்டு 2½ துண்டுகளைத் தைத்தால் 4½ ஆகும். எந்தச் சதுரத்துக்குப் பதிலாகவும் நான்கு சிறியவற்றை இணைத்து வைக்கலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு: அமெரிக்கக் கடைகளில் முன்வெட்டுத் துணி விற்கிறார்கள். பெயர்களைக் கேட்டால் பலகாரக் கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். 2½ அங்குலப் பட்டைச் சுருள் ‘ஜெல்லி ரோல்’, 10 அங்குலச் சதுர அடுக்கு ‘லேயர் கேக்’. 5 அங்குலச் சதுர அடுக்குக்கு மட்டும் ‘சார்ம் பேக்’ என்று பெயர். 10ஐ நான்காக வெட்டினால் 5, 5ஐ நான்காக வெட்டினால் 2½. இந்தக் கணக்கு வெட்டும்போது மட்டும் சரி. தைக்கும்போது இரண்டு 2½ சேர்ந்து 5 ஆகாது, 4½தான் ஆகும். இதை மறந்து 5 அங்குலச் சதுரத்தின் பக்கத்தில் நான்கு துண்டுச் சதுரத்தை வைத்துத் தைத்து, அரை அங்குலம் எங்கே போயிற்று என்று தேடாதவர்கள் குறைவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓரம் நேராக்கியபின் 30 அங்குல அகலமும் 34 அங்குல நீளமும் உள்ள ஒரு ரவிக்கைத் துணி. அகலத்தில் 4½ ஆறு முறை போனால் 27, மிச்சம் 3. நீளத்தில் ஏழு முறை போனால் 31½, மிச்சம் 2½. ஆக 42 பெரிய சதுரங்கள். அகல மிச்சத்தில் 34 அங்குல நீளத்துக்கு ஒரு 2½ பட்டை, நீள மிச்சத்தில் 27 அங்குலத்துக்கு இன்னொன்று. இரண்டிலும் சேர்ந்து 23 சிறு சதுரங்கள். வீணாவது அரை அங்குல நாடா ஒன்றும் பட்டை முனைகளும்தான். 48க்கு 64 அங்குல விரிப்புக்கு, தைத்தபின் 4 அங்குலம் ஆகும் சதுரங்கள் 12 வரிசையும் 16 வரிசையுமாக 192 வேண்டும். ஐந்து ரவிக்கைத் துணி போதும் என்பது கணக்கு. இருபது துணியிலிருந்து பத்துப் பத்தாக எடுத்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்பது கண் சொல்வது.

வெட்டும் மேசை

1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீட்சா வெட்டும் சக்கரம் போன்ற வட்டக் கத்தி, அடியில் வெட்டுத் தழும்பு மூடிக்கொள்ளும் கட்டிங் மேட், மேலே கனமான அக்ரிலிக் ஸ்கேல் என்று மூன்றும் சேர்ந்ததும் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டும் வேலை பலருக்குத் தேவையில்லாமல் போயிற்று. தொடங்குகிறவருக்கு 45 மில்லிமீட்டர் கத்தியும் 6க்கு 24 அங்குல ஸ்கேலும் போதும்.

தரையில் சம்மணமிட்டு இந்தக் கத்தியை ஓட்டக் கூடாது. தோள்பலம் ஸ்கேலில் இறங்காது, ஸ்கேல் வழுக்கும், கத்தி தொடைப்பக்கம் திரும்பும். நின்று வெட்ட இடுப்புயர மேசை வேண்டும். சாப்பாட்டு மேசை தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் அசையாத கட்டை கொடுத்து உயர்த்தலாம்.

1. துணிக்கு லேசாகக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் துணி கிராஸாக இழுபடும்.
2. கரையோடு கரை சேர மடித்து, கையில் தூக்கித் தொங்கவிட வேண்டும். மடிப்பு அலையில்லாமல் நேராகத் தொங்கும்வரை ஒரு கரையை நகர்த்த வேண்டும். வெட்டிய முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பரவாயில்லை, கடையில் கோணலாக வெட்டியிருப்பார்கள்.
3. மடிப்பு தன் பக்கம் இருக்கும்படி மேட்டில் வைக்க வேண்டும். வலக்கைக்காரர் துணியின் பெரும்பகுதியை இடப்பக்கம் வைத்து, ஸ்கேலின் குறுக்குக் கோட்டை மடிப்பின் மேல் சரியாகப் பொருத்தி, வலது ஓரத்தை நேராக்க வேண்டும்.
4. துணியைத் தொடாமல் மேட்டோடு சேர்த்து அரைவட்டம் திருப்ப வேண்டும். நேராக்கிய ஓரம் இப்போது இடப்பக்கம். அங்கிருந்து ஸ்கேலால் அளந்து பட்டைகளை வெட்ட வேண்டும்.
5. நான்கு பட்டைக்கு ஒருமுறை ஒன்றை விரித்துப் பார்க்க வேண்டும். நடு மடிப்பில் முழங்கை போல வளைந்திருந்தால் ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லை என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்பி ஓரத்தை மறுபடி நேராக்க வேண்டும்.
6. கரையை அரை அங்குலம் நீக்கிவிட்டுப் பட்டைகளைச் சதுரமாக்க வேண்டும். கரையின் நெசவு நெருக்கமானது, சலவையில் வேறுவிதமாகச் சுருங்கும்.

அளப்பதற்கு மேட்டின் கோடு, ஸ்கேலின் கோடு இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் நூல் அளவு பிசகும். ஒரு விரிப்பு முடியும்வரை ஒரே ஸ்கேல்தான். தையல் டேப் நாளடைவில் நீளும், அதை உடம்பளவு எடுக்க வைத்துக்கொள்ளலாம். வெட்டும் அளவும் தையலும் சரியா என்று பார்க்க, மூன்று 1½ பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து நடுப்பட்டையை அளக்க வேண்டும். அது சரியாக 1 அங்குலம் இருந்தால் மீதியைத் தொடங்கலாம்.

கத்தி விஷயத்தில் விளையாட்டில்லை

ரோட்டரி கட்டர் துணியை எவ்வளவு சுலபமாக வெட்டுமோ அவ்வளவு சுலபமாக விரலையும் வெட்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தி மூடியைச் சாத்த வேண்டும். ‘இதோ அடுத்த வெட்டுதானே’ என்று திறந்தே மேசையில் வைப்பதில்தான் ஆபத்து. வெட்டும் திசை எப்போதும் உடம்பிலிருந்து வெளியே. இடக்கை ஸ்கேலின் மேல் சிலந்திபோல விரிந்திருக்க வேண்டும், ஒரு விரலும் ஓரத்துக்கு வெளியே நீளக் கூடாது. நீண்ட வெட்டில் பாதியில் நிறுத்தி, கத்தியை அசைக்காமல், கையை மேலே நகர்த்திக்கொண்டு தொடரலாம். வீட்டில் வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம் என்றாலும், வெட்டுகிற நேரத்தில் மட்டும் முன்பக்கம் மூடிய செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். கத்தி கைநழுவினால் பிடிக்கப் பாயாமல் காலைத்தான் விலக்க வேண்டும்.

நான்கு அடுக்குக்கு மேல் வெட்டாமல் இருப்பது நல்லது. அழுத்தம் அதிகம் தேவைப்பட்டால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள், மழுங்கிய கத்திதான் வழுக்கும். கட்டிங் மேட்டின் மேல் இஸ்திரி போடுவதும், அதை மொட்டை மாடி வெயிலில் மறந்துவிட்டு வருவதும் ஒன்றுதான். இரண்டிலும் மேட் அப்பளமாய் வளைந்துவிடும்.

கத்தரி மட்டும் உள்ளவருக்கு

ரோட்டரி கட்டர் இல்லாததால் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பாப்ளின் போன்ற நெருக்கமான பருத்தியை ஓரத்தில் கத்தரியால் சின்னதாக நறுக்கி, இரு கையாலும் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகக் கிழியும். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதுபோலத்தான். கிழிந்த ஓரம் சுருண்டு இழுபட்டிருக்கும் என்பதால் 2½ பட்டைக்கு 3 அங்குலமாகக் கிழித்து, இஸ்திரி போட்டு, பிறகு அளவுக்கு நறுக்க வேண்டும். சதுரத்துக்குக் கெட்டி அட்டையில் 2½, 4½ அச்சு வெட்டி, அதன் அடியில் உப்புத்தாள் ஒட்டினால் துணிமேல் வழுக்காது. பென்சிலால் வரைந்து கோட்டுக்கு மேலேயே வெட்ட வேண்டும், கோட்டுக்கு வெளியே வெட்டினால் சதுரத்துக்குச் சதுரம் ஒரு நூல் கூடி, பன்னிரண்டாவது சதுரத்தில் கால் அங்குலமாக நிற்கும். அந்த அட்டையும் முப்பது நாற்பது முறை வரைந்தபின் ஓரம் தேயும். புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ள வேண்டும்.

மிச்சம்

வெட்டிய சதுரங்களை அளவுவாரியாக இனிப்புக் கடை அட்டைப் பெட்டிகளில் போட்டு, பெட்டியின் மேல் வெட்டிய அளவை எழுத வேண்டும். தைத்தபின் வரும் அளவை எழுதினால் ஆறு மாதம் கழித்து எது எது என்று குழம்பும். பத்துப் பத்தாக ஒரு நூலால் தளர்வாகக் கட்டி வைத்தால் எண்ணுவது எளிது.

1½ அங்குலத்துக்கும் குறைந்த பொடியை ஊசிமெத்தைக்குள் அடைக்கலாம். நீக்கிய கரைகளை வீசாமல் சுருட்டி வைத்தால், அடுத்த மூட்டையைக் கட்ட அவையே கயிறாகும். மழுங்கிய கத்திகளை மட்டும் குப்பையில் அப்படியே போடக் கூடாது. மூடியுள்ள ஒரு பழைய தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியைச் சுற்றிப் பசைநாடா ஒட்டி, மேலே ‘கத்தி’ என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருபவரிடம் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும்.